தோல் போர்த்திய ஏசி துவாரமும் அண்ணனின் 24 ஆயிரம் யூரோவும்

"ஸ்போர்ட்ஸ் கார் பற்றி எழுத உனக்கென்ன தகுதி?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு தகுதியும் கிடையாது. பி.காம். மூன்றாம் ஆண்டு. கைவசம் இருப்பது அப்பாவின் பழைய ஸ்கூட்டர். அதற்கும் பெட்ரோல் அம்மா காசில்.

ஆனால் போர்ஷே கம்பெனியின் தளத்தில் கான்ஃபிகரேட்டர் என்று ஒரு வஸ்து இருக்கிறது. காரின் நிறம், சக்கரம், சீட்டு, தையல் நூலின் நிறம் வரை நாமே தேர்ந்தெடுத்து நம் காரைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு டிக் அடிக்கும்போதும் ஓரத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து இதைத்தான் செய்வோம். அந்த வகையில் இதுவரை எழுபது எண்பது போர்ஷே வாங்கியிருப்பேன். :)

ஆனால் இந்தப் பதிவு அந்த ஜாலிக்காக இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். பாதிக் கோபம் அந்தக் கம்பெனிகள் மேல். மீதிப் பாதி என் மேல். ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியம்மா மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எஞ்சினியர். எட்டு வருஷம் சேர்த்து வைத்து 2023-ல் ஒரு போர்ஷே 718 கேமன் ஆர்டர் செய்தார். அடிப்படை விலை சுமார் 60 ஆயிரம் யூரோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூப்பிட்டு, "டேய் தம்பி, நீதான் இதுல பெரிய ஆளாச்சே. கூட உக்காரு, லிஸ்ட் போடலாம்" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். முடிவில் ஆப்ஷன் மட்டும் 24 ஆயிரம் யூரோ! சிவப்பு சீட் பெல்ட், தலை சாய்க்கும் இடத்தில் கம்பெனி முத்திரை, ஏசி காற்று வரும் துவாரத்தின் பட்டைகளுக்குத் தோல் உறை, கார் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த சாவி. தயங்கிய இடத்திலெல்லாம் நான் சொன்ன வசனம் ஒன்றுதான். "அண்ணே, வாழ்க்கையில ஒரு தடவைதானே வாங்குறீங்க."

2025-ல் அவர் கம்பெனியில் ஆள்குறைப்பு. அண்ணனுக்கும் வேலை போனது. காரை விற்றார். பழைய கார் வாங்குகிறவர் கேட்ட கேள்விகள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஓனர், விபத்து உண்டா, சர்வீஸ் புத்தகம் இருக்கா, கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா. அவ்வளவுதான். "அந்தச் சிவப்பு பெல்ட்டை ஒருத்தன்கூட பாக்கலடா" என்று அண்ணன் போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் சொல்ல வருவது இதுதான். ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளின் ஆப்ஷன் லிஸ்ட் என்பது உங்கள் விருப்பத்துக்கு மரியாதை கொடுக்கும் ஏற்பாடு இல்லை. உங்கள் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைக்கும் ஏற்பாடு. அதில் பாதிக்கு மேல் எந்தப் புத்திசாலியும் டிக் அடிக்கக் கூடாது.

கொஞ்சம் பாடப்புத்தகம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ஜினல் காஸ்டிங் என்று எங்களுக்கு ஒரு பாடம். ஒரு பொருளின் விலையில் இருந்து அதற்கென்றே ஆகும் மாறும் செலவைக் கழித்தால் வருவது காண்ட்ரிப்யூஷன். காருக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், விபத்துச் சோதனை, தொழிற்சாலை என்று ஏகப்பட்ட செலவு. ஆனால் பெல்ட்டின் நூலைக் கறுப்புக்குப் பதில் சிவப்பாக மாற்ற என்ன செலவு? பெல்ட் எப்படியும் போட்டே ஆக வேண்டும். கறுப்பு பெல்ட்டின் விலை ஏற்கெனவே காரின் விலையில் இருக்கிறது. சிவப்புக்கு நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி நேராக லாபம்.

நான் ஏதோ பொறாமையில் உளறுவதாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபெராரி 2024-ல் விற்ற கார்கள் 13,752. கார் மற்றும் உதிரிபாக வருமானம் சுமார் 570 கோடி யூரோ. அதில் ஏறத்தாழ 20 சதவீதம் வாடிக்கையாளர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளும் சேர்க்கைகளில் இருந்து வருகிறது என்று அந்தக் கம்பெனியே முதலீட்டாளர்களிடம் சொன்னது. வகுத்துப் பாருங்கள். ஒரு காருக்குச் சராசரியாக 80 ஆயிரம் யூரோ அளவில் வருகிறது. அண்ணனின் கேமனுடைய அடிப்படை விலையை விட அதிகம். கார் இல்லை ஐயா, காரின் மேலே சேர்க்கும் சமாச்சாரம் மட்டும்!

இதே ஃபெராரியில் 488 மாடல் ஓடிய காலத்தில் அமெரிக்காவில் ஆப்பிள் கார்ப்ளேவுக்குச் சுமார் 4,000 டாலர் தனியாக வாங்கினார்கள். நம்மூரில் சாதாரண ஹேட்ச்பேக்கின் மேல் வேரியண்ட் வாங்கினாலே அது கூட வருகிறது. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் டாலர் கொடுத்து கார் வாங்குகிறவனிடம் போனை இணைக்கத் தனிக் காசு. கல்யாண வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டு இலைக்கு பில் கொடுப்பது மாதிரி இல்லை?

போர்ஷே 911-க்கு வருவோம். அதில் செராமிக் பிரேக் ஒரு ஆப்ஷன். அமெரிக்க விலையில் சுமார் 9,000 டாலர். நல்ல பிரேக்தான், மறுக்கவில்லை. இரும்பு டிஸ்க்கை விடப் பாதி எடை, துருப்பிடிக்காது, சக்கரத்தில் கறுப்புத் தூசி படியாது. ஆனால் ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவர்களில் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். ஒரு டிஸ்க் போனால் மாற்றும் செலவு தலைசுற்ற வைக்கும். அப்படியானால் ஊருக்குள் ஓட்டுகிறவர் ஏன் வாங்குகிறார்? அந்த பிரேக் வைத்தால் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் வரும். சக்கரத்தின் இடுக்கில் மஞ்சள் தெரிந்தால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதில் பெரிய காமெடி, அந்த மஞ்சள் பளிச்சென்று இருக்கிறதே என்று கூச்சப்படுகிறவர்களுக்காக அதே காலிப்பரைக் கறுப்பாக்கித் தருவதும் ஒரு ஆப்ஷன். அதற்கும் காசு! காட்டிக்கொள்ளவும் காசு, மறைத்துக்கொள்ளவும் காசு.

சேர்ப்பதற்குத்தான் காசு என்று நினைத்தால் அதுவும் தப்பு. எடுப்பதற்கும் காசு. இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரை அறிமுகப்படுத்தினார்கள். விலை 34,000 மார்க். பின் சீட்டு, கார்ப்பெட், கடிகாரம், கை வைக்கும் கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொட்டையாகத் தரும் ஸ்போர்ட் வகை வேண்டுமா, கூடுதலாக 700 மார்க். அதெல்லாம் இருக்கும் டூரிங் வகை வேண்டுமா, கூடுதலாக 2,500 மார்க். மொட்டை வண்டி 960 கிலோ, டூரிங் 1,075 கிலோ. மொத்தம் 1,580 கார்கள் செய்ததில் மொட்டை வகை 200 மட்டும்தான். பெரும்பாலானவர்கள் டூரிங்தான் வாங்கினார்கள். இன்று ஏலத்தில் அந்த மொட்டை வண்டிக்கு டூரிங்கை விட மிக அதிக விலை. அபூர்வமானது என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் பாருங்கள், ஐம்பது வருஷம் கழித்து உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்தக் கார் எப்படி ஓடியது என்பதை. கார்ப்பெட்டுக்குக் கொடுத்த காசை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1954. மேக்ஸ் ஹாஃப்மன் என்று நியூயார்க்கில் ஓர் இறக்குமதியாளர். விலை குறைந்த போர்ஷே ஒன்று கொடுங்கள், அமெரிக்காவில் விற்றுக் காட்டுகிறேன் என்று கேட்டு வாங்கியது 356 ஸ்பீட்ஸ்டர். கண்ணாடி ஜன்னல் கிடையாது, பக்கவாட்டில் மாட்டிக் கழற்றும் திரைதான். முன் கண்ணாடி குட்டையானது. விலை 2,995 டாலர். மலிவு வண்டி. இன்று 356 வரிசையில் ஆசைப்பட்டுத் தேடப்படும் வண்டிகளில் ஒன்று அதுதான்.

2017-ல் வந்த 911 டி கதை தெரியுமா? மெல்லிய கண்ணாடி, குறைந்த சத்தத் தடுப்பு, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார். அமெரிக்காவில் சாதாரண கரேராவை விடச் சுமார் 11,000 டாலர் அதிக விலை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அதில் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் லாக், தாழ்ந்த சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் வாருக்குக் காசு வாங்க ஒரு துணிச்சல் வேண்டும்.

இதன் உச்சகட்டம் பிஎம்டபிள்யூ. 2022-ல் தென் கொரியா முதலான சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா போட்டார்கள், சுமார் 18 டாலர். ஹீட்டர் ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கிறது. அதை முடுக்கிவிடத்தான் மாதா மாதம் காசு. உலகமே காறித் துப்பியதும் 2023-ல் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான். ஆனால் அந்த யோசனை வந்த மூளை எங்கேயும் போய்விடவில்லை.

இப்போது என் அறை நண்பன் எழுப்பும் ஆட்சேபணைகள். பின்னூட்டத்திலும் இதே தான் வரும் என்பதால் இங்கேயே முடித்துவிடுகிறேன்.

ஆட்சேபணை 1: "அவன் காசு, அவன் செலவு பண்றான். உனக்கென்ன?"

நியாயம். நான் சட்டம் போடச் சொல்லவில்லை. ஏமாறும்போது ஏமாறுகிறோம் என்று தெரிந்து ஏமாறுங்கள் என்கிறேன். எங்கள் அண்ணன் சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு இருபது சென்ட் அதிகம் என்றால் அடுத்த கடைக்குப் போகிற ஆள். அவரே 60 ஆயிரத்தைப் பார்த்த கண்ணால் 300 யூரோவைப் பார்க்கும்போது அது காசாகவே தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் மொத்த லிஸ்ட்டும் ஓடுகிறது. தனியாக ஒரு கடையில் கார் சாவிக்கு பெயிண்ட் அடித்து 300 யூரோ கேட்டால் அவர் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்.

ஆட்சேபணை 2: "ஆப்ஷன் வாங்குறவன் கொடுக்கிற லாபத்துலதான் அடிப்படை விலை கம்மியா இருக்கு. பணக்காரன் கொடுக்கட்டும், மத்தவன் மலிவா வாங்கட்டும்."

இது கொஞ்சம் வலுவான வாதம். எங்கள் பொருளாதாரப் பேராசிரியரே இதைச் சொல்லுவார். இதற்குப் பதில் 1849-லேயே ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிவிட்டார். ஜூல் டுபுயி, எஞ்சினியர். அன்றைய ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டார்கள். கூரை போடச் சில ஆயிரம் ஃபிராங்க் ஆகும் என்பதால் இல்லை. இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஏழை மழையில் நனைவது கம்பெனியின் நோக்கம் இல்லை. வசதியானவனைப் பயமுறுத்துவதுதான் நோக்கம்.

கேமனுக்கு வாருங்கள். ஜெர்மனியில் அதன் அடிப்படை வண்டியில் க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கவில்லை, ஆப்ஷனாகத்தான் இருந்தது. பார்க்கிங் சென்சாரும் அப்படித்தான். பெட்ரோல் டேங்க் 54 லிட்டர். 64 லிட்டர் வேண்டுமென்றால் அதுவும் ஆப்ஷனாக இருந்தது, ரொம்பச் சின்னத் தொகைதான். இத்தனைக்கும் எஸ் மாடலில் 64 லிட்டர் டேங்க் தானாகவே வந்தது. இந்தப் பத்து லிட்டரை ஏன் பிடித்து வைக்க வேண்டும்? ஆட்டோபான் ஊரில், 60 ஆயிரம் யூரோ காரில், க்ரூஸ் கண்ட்ரோலை ஏன் எடுக்க வேண்டும்? செலவை மிச்சம் பிடிக்க இல்லை. அது கூரையில்லாத பெட்டி. அடிப்படை விலை விளம்பரத்துக்கு. யாரும் அந்த விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பது ஏற்பாடு.

ஆட்சேபணை 3: "ரீசேல் வேல்யூ!"

அண்ணன் கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. கார் தேயும் வேகத்தை விட ஆப்ஷன் தேயும் வேகம் அதிகம். வாங்குகிறவர் கேட்டுத் தேடும் சில சமாச்சாரங்கள் உண்டு: நல்ல சீட்டு, ஸ்போர்ட் க்ரோனோ, எக்ஸாஸ்ட். அவை கொஞ்சம் மீட்டுத் தரலாம். தோல் போர்த்திய ஏசி துவாரம் மீட்டுத் தராது.

ஆட்சேபணை 4: "சந்தோஷத்துக்கு விலை இல்லடா."

இருக்கிறது. லிஸ்ட்டில் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்களே. :)

சும்மா திட்டிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. அதனால் யாராவது நிஜமாகவே வாங்கும் நிலையில் இருந்தால் (இருந்தால் எனக்கு ஒரு ரவுண்டு கொடுங்கள்) மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று. இதைப் பிறகு சேர்க்க முடியுமா? முடியும் என்றால் இப்போது வேண்டாம். மேட், சக்கரத்தின் நடுமூடி, சாவி உறை எல்லாம் பிறகு வாங்கலாம். ஆலையில்தான் பொருத்த முடியும் என்பவற்றை மட்டும் யோசியுங்கள்: சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல், சீட்டு, டேங்க்.

இரண்டு. ஓட்டும்போது இது என் கைக்கோ காலுக்கோ முதுகுக்கோ தெரியுமா? சீட்டு தெரியும், மணிக்கணக்கில் உட்காரப் போவது அதில்தான். நல்ல ஹெட்லைட் தெரியும். பெரிய சக்கரமும் தெரியும், ஆனால் தலைகீழாக. கேமனுக்கு 18 அங்குலம் இயல்பாக வந்தது, 20 வரை ஏற்ற முடிந்தது. ஏற்றினால் டயர் பக்கச்சுவர் மெலியும், குழி விழுந்த ரோட்டில் முதுகு பேசும், டயர் மாற்றும்போது பர்ஸ் பேசும். காசு கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கொள்வது இதுதான்.

மூன்று. ஆப்ஷன் மொத்தம் அடுத்த மாடலின் விலையைத் தாண்டிவிட்டதா? இதைத்தான் நானும் அண்ணனும் கோட்டை விட்டோம். 718 கேமனுக்கும் கேமன் எஸ்ஸுக்கும் அன்று வித்தியாசம் சுமார் 13 ஆயிரம் யூரோ. அதில் 2.0 லிட்டர், 300 குதிரைச்சக்தி, எஸ்ஸில் 2.5 லிட்டர், 350. அந்த 24 ஆயிரத்தில் பெரிய இன்ஜினும் வாங்கி, நல்ல சீட்டும் போட்டு, மிச்சக் காசை வங்கியிலும் வைத்திருக்கலாம். நாங்கள் சின்ன இன்ஜினுக்குச் சிவப்பு பெல்ட் கட்டினோம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேமனில் வெள்ளை, கறுப்பு, ரேஸிங் மஞ்சள், கார்ட்ஸ் ரெட் நான்கும் இலவசமாக இருந்தன. போர்ஷே என்றதும் கண்ணில் வரும் அந்தச் சிவப்பே இலவசம்! 911-ல் இஷ்டப்பட்ட நிறத்தை ஆர்டர் கொடுத்து அடிக்க அமெரிக்காவில் பத்தாயிரம் டாலருக்கு மேல். அதிலும் ஒருவருக்குத் தன் அப்பாவின் பழைய கார் நிறம்தான் வேண்டும் என்றால், கொடுக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். அது ஆசை. லிஸ்ட்டைப் பார்த்த பிறகு முளைத்த ஆசைகளைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன். சிவப்பு பெல்ட் என்று ஒன்று இருப்பதே அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அண்ணனுக்குத் தெரியாது.

"போர்ஷே வாங்குறவன் கஷ்டம் நமக்கெதுக்கு" என்று கிளம்பிவிடாதீர்கள். அப்பா ஸ்கூட்டர் வாங்கியபோது ஷோரூமில் சீட் கவர், கார்டு, மேட் எல்லாம் சேர்த்து அக்சஸரீஸ் என்று ஒரு தொகை போட்டார்கள். வேண்டாம் என்றதற்கு, "வண்டிலேயே மாட்டிட்டோம் சார்" என்றார்கள். அதில் சாரி கார்டுக்குத் தனி விலை. பைக்கின் பின் சக்கரத்தைப் பாதி மூட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே இருக்கும் சமாச்சாரம். நம்மூர் சின்னக் கார்களில் மாடல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓ எழுத்து ஞாபகம் இருக்கிறதா? டிரைவரின் உயிரைக் காப்பாற்றும் ஏர்பேக்கை அந்த 'ஓ'-வில்தான் விற்றார்கள். 2019-ல் டிரைவர் ஏர்பேக் கட்டாயமான பிறகுதான் அது ஆப்ஷன் என்ற நிலை போனது. கட்டாயமாக்கியதும் கம்பெனிகள் மூடிவிடவில்லை, கார் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் தோல் உறை, இங்கே சாரி கார்டு. வித்தியாசம் சைபரின் எண்ணிக்கையில்தான்.

அண்ணனுக்கு இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் கொஞ்சம் குறைவு. போன வாரம் பேசும்போது மறுபடியும் கார் பேச்சு வந்தது. பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். "ஆப்ஷன் என்னென்ன இருக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"ஏசி இருக்குடா. மேல துணி இருக்கு. ஒழுகாதுன்னு சொல்றான்."

வாங்குங்க அண்ணே என்றேன். இந்தத் தடவை மனசார.

டிஸ்கி: இதை எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில் கான்ஃபிகரேட்டரைத் திறந்து ஒரு 911 போட்டேன். கார்ட்ஸ் ரெட், மேனுவல் கியர், நல்ல சீட்டு, பெரிய டேங்க். வேறு ஒன்றும் இல்லை. பின்பக்கம் மாடல் பெயர் எழுத்தை எடுத்துவிடுவதற்கு மட்டும் காசு இல்லை என்று போட்டிருந்தது. அதையும் ஒரு டிக் அடித்தேன். :)